மூடியம்மா வாங்கிய பாட்டில்

அந்த வீட்டில் எந்த டப்பாவிலும் அதன் மேல் எழுதியிருப்பது இருக்காது. காப்பித்தூள் டப்பாவைத் திறந்தால் ஆணி இருக்கும். பிஸ்கட் டப்பாவில் பொத்தானும் நூல்கண்டும் கிடக்கும். சோப்புத்தூள் டப்பாவில் சர்க்கரை இருக்கும். சர்க்கரை டப்பாவோ, தன் மூடியை வேறொரு பாட்டிலுக்குத் தானம் கொடுத்துவிட்டு, அலமாரியின் மூலையில் கவிழ்ந்து படுத்திருக்கும். இதெல்லாம் அந்த வீட்டு அம்மாவின் கைவேலை. காலியான ஒரு பாட்டிலைக் கண்டால் அவளுக்கு மனசு பொறுக்காது. கழுவி, காயவைத்து, பொருந்துகிற மூடி தேடி, எதையாவது ஊற்றி வைத்தால்தான் அன்றைக்குச் சோறு இறங்கும். தெருவில் அவளுக்கு மூடியம்மா என்று பெயர் விழுந்து இருபது வருஷம் ஆகிறது. அவளுக்கும் அது தெரியும். "சொல்லிட்டுப் போகட்டும், மூடி இல்லாத வாய்ங்க," என்பாள்.

மூடியம்மாவின் தொழில் நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவது. அவள் வீட்டுக்காரர் மரச்சாமான்களுக்குப் பாலீஷ் போடுகிறவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஒரு நாற்காலி வந்தால், முதலில் அவர் உப்புத்தாள் போட்டு இழைத்து, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சுப் பொட்டலத்தால் தேய் தேய் என்று தேய்த்து முகம் பார்க்கிற மாதிரி ஆக்கிவிடுவார். அப்புறம் அது அவள் மடிக்கு வரும். முப்பது வருஷக் குடித்தனத்தில் இருவரும் பேசிக்கொண்டதைவிட நாற்காலிகளைக் கைமாற்றிக்கொண்டதுதான் அதிகம். ஒரே மகள் கட்டிக்கொடுத்த இடத்தில் நன்றாக இருந்தாள். வீட்டில் மூன்றாவது ஆள் மூடியம்மாவின் தம்பி. வேன் ஓட்டுகிறவன். முடிந்த நாற்காலிகளை ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவான். வண்டியை நிறுத்திச் சாவியை ஆணியில் மாட்டிய பிறகு குடிப்பான். அந்த ஒழுங்கு மட்டும் அவனிடம் இருந்தது.

அந்தக் குடிதான் மூடியம்மாவின் நெஞ்சில் தைத்த முள். அவளுடைய அப்பா குடித்தே போய்ச் சேர்ந்தவர். தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். அவனும் அதே வழியில் போனபோது, அவள் கடவுளிடம் அழுது பார்த்தாள், தம்பியிடம் அழுது பார்த்தாள், கடைசியில் சாராயக் கடைக்காரரிடமே போய் அழுதாள். ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு தன் பிரார்த்தனைக் கூட்டத்துப் பெண்கள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மத்தியானம் அந்தக் கடை வாசலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாட்டுப் பாட ஆரம்பித்தாள். ஆறு வருஷமாக ஒரு வெள்ளிகூடத் தவறவில்லை. கடைக்காரர் பொல்லாதவர் இல்லை. அவர்கள் வந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தனுப்புவார். அந்தக் கடைத் தண்ணீர் என்பதால் இவர்கள் தொடமாட்டார்கள். ஐந்து பெண்களும் ஆளுக்கொரு சத்தியமும் செய்திருந்தார்கள்: செத்தாலும் அந்தக் கடைப் பாட்டிலைக் கையால் தொடுவதில்லை.

பாலீஷ்காரர் இந்த விஷயத்தில் மனைவிக்கு ஒரு தலைவலியும் கொடுத்ததில்லை. ஐம்பத்தாறு வயது வரைக்கும் ஒரு சொட்டு உள்ளே போனதில்லை. இருமல் மருந்து குடித்தாலே தூங்கிவிடுகிற மனுஷர். அவருக்கு இருந்த ஒரே தொந்தரவு வயிறு. எதைத் தின்றாலும் பலூன் மாதிரி உப்பிக்கொள்ளும். அதற்கு ஒரு ஜீரண டானிக் குடிப்பார். கண்ணை இறுக மூடி, மூக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மடக்கென்று ஊற்றிக்கொள்வார். அதன் நாற்றமும் கசப்பும் அப்படி.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டில், ஒருநாள் ஸ்பிரிட் கேனில் அளவு குறைந்திருப்பதை மூடியம்மா கவனித்தாள்.

"டேய், இதுல கை வச்சியா?" என்று தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுல?"

"நடிக்காதே. நேத்து இந்தக் கோடு வரைக்கும் இருந்துச்சு."

தம்பிக்கு உண்மையிலேயே ரோஷம் வந்துவிட்டது. "அக்கா, நான் குடிகாரன்தான், இல்லேங்கல. ஆனா பைத்தியக்காரன் இல்ல. பாலீஷ் ஸ்பிரிட்டை எவனாவது குடிப்பானா? கண்ணு போயிடும்! மூடியை யாரு சரியா மூடலேன்னு பாரு. காத்துல போயிருக்கும்."

மூடியைப் பற்றிச் சொன்னதும் அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. அவள் பொருத்திய மூடி சரியாக மூடாதா! தம்பி வெளியே போன நேரம் பார்த்து, கேனில் மிச்சமிருந்ததை ஒரு பாட்டிலில் ஊற்றினாள். கைக்கு அகப்பட்டது, கழுவிக் காயவைத்திருந்த பழைய டானிக் பாட்டில். கறுப்புக் கண்ணாடி, உள்ளே இருப்பது வெளியே தெரியாது. அதைத் தம்பி கை வைக்காத ஒரே இடத்தில் ஒளித்து வைத்தாள். அது மேல் தட்டில் இருந்த பிரார்த்தனைப் புத்தகங்களின் பின்பக்கம். குடிகாரன் எதைத் தொட்டாலும் அதைத் தொடமாட்டான் என்பது அவள் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் அந்தப் புத்தகங்களைத் தினமும் தொடுகிறவர் ஒருவர் வீட்டில் இருந்தார் என்பது அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

மறுநாள் சாயங்காலம் பாலீஷ்காரர் கைகால் கழுவிவிட்டுப் பிரார்த்தனைக்கு உட்கார்ந்தார். வயிறு கடமுடவென்றது. சமையலறையில் டானிக் தீர்ந்துபோய் இரண்டு நாளாகிறது. புத்தகத்தை எடுத்தார், பின்னால் பாட்டில். 'அடடா, நான் கேக்காமலே வாங்கி வச்சிருக்காளே' என்று நெஞ்சு குளிர்ந்துபோனது. கடவுளுக்கு ஒரு நன்றி சொன்னார், மனைவிக்கு ஒரு நன்றி சொன்னார், கண்ணை மூடினார், மூக்கைப் பிடித்தார். டானிக்குக்கான பிளாஸ்டிக் குவளையால் ஒன்று. வயிறு ரொம்பவும் உப்பியிருந்ததால் இன்னொன்று. தொண்டை எரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. 'புதுப் பாட்டில், அதான் வீரியம்' என்று நினைத்துக்கொண்டார்.

அன்றைக்கு அவர் பாடிய பாட்டைத் தெருவே கேட்டது. வழக்கமாக வாய்க்குள் முணுமுணுக்கிறவர், கையைத் தட்டித் தட்டிப் பாடினார். மூடியம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "உன் மாமாவைப் பாருடா, பக்தியில எப்படி உருகுறாரு! நீயும்தான் இருக்கே," என்று தம்பியின் காதைத் திருகினாள். பாலீஷ்காரர் சீக்கிரமே படுத்துத் தூங்கிவிட்டார்.

காலையில் அவருக்குத் தலை கனத்தது. ஒரு வாய் சாப்பிட்டார், அதுவும் வெளியே வந்துவிட்டது. வயிற்றுக்கோளாறு என்று விட்டுவிட்டு வேலைக்கு உட்கார்ந்தார். முந்தின நாள் முடித்த ஒரு பெரிய சாய்வு நாற்காலி அன்றைக்குப் போக வேண்டியிருந்தது. அதைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

மழைக்காலத்தில் பாலீஷ்காரர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. காற்றில் ஈரம் இருந்தால் பளபளப்பின் மேல் பாலைக் கொட்டித் துடைத்த மாதிரி ஒரு வெள்ளை படர்ந்துவிடும். மறுபடி தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். நாலு நாளாக மழை மூட்டம் வேறு. "போச்சு, வெள்ளை அடிச்சிடுச்சு," என்று ஏற்கெனவே கரைத்து வைத்திருந்த அரக்கில் பஞ்சுப் பொட்டலத்தைத் தோய்த்துத் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்தார், பார்த்தார். இன்னும் வெள்ளை. மறுபடியும் தேய்த்தார். வெள்ளை அதிகமானது. மழையைத் திட்டினார். அரக்கு விற்றவனைத் திட்டினார். ஓடிவந்தவர் மாதிரி அவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

அறையின் அந்தப் பக்கம் பிரம்பு பின்னிக்கொண்டிருந்த மூடியம்மா நிமிர்ந்தாள். "ஏங்க, எதுக்கு அதைப் போட்டு உயிரை வாங்கறீங்க? அதான் பளபளன்னு இருக்கே."

"எங்கே பளபளன்னு இருக்கு? வெள்ளையாப் படிஞ்சு கெடக்கே, தெரியலையா?"

அவள் கிட்டே வந்து பார்த்தாள். நாற்காலிக் கையில் அவள் முகம் தெரிந்தது. மூக்குத்துளை கூடத் தெரிந்தது. "வெள்ளையா? எங்கேங்க?"

"உனக்குக் கண்ணு போச்சா? நாற்காலி பூரா வெள்ளை. உன் சேலை கூட வெள்ளையாத்தான் தெரியுது."

அவள் கட்டியிருந்தது கத்தரிப்பூ நிறச் சேலை.

வாசலில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்த தம்பி, கையில் துணியோடு உள்ளே வந்தான். மாமாவின் மூச்சைக் கேட்டான். அவர் முகத்துக்கு நேரே கையை ஆட்டினான். "மாமா, நேத்து என்ன குடிச்சீங்க?"

"போடா, என்னை என்ன உன்னை மாதிரின்னு நெனச்சியா?"

"மாமா, விளையாட்டில்ல. என்ன குடிச்சீங்க?"

"தண்ணி குடிச்சேன். டானிக் குடிச்சேன். உங்கக்கா புத்தகத்துக்குப் பின்னாடி வாங்கி வச்சிருந்தாளே, அந்தப் புது டானிக்."

மூடியம்மாவின் கையிலிருந்த பிரம்பு கீழே விழுந்தது. தம்பி ஒரே தாவலாகத் தாவி, ஆறு வருஷமாக அவள் தொடச் சொல்லிக் கெஞ்சிய புத்தகங்களை இரண்டு கையாலும் ஒதுக்கி, பாட்டிலை எடுத்து முகர்ந்தான். வாழ்நாள் முழுக்கப் பழகிய மூக்கு அது.

"அக்கா... இது பாலீஷ் ஸ்பிரிட்டு. நாங்க குடிக்கற சரக்கு வேற, இது வேற. எங்க கூட்டத்துல ஒருத்தன் இதைக் கலந்ததைக் குடிச்சுட்டு, மொத நாள் சிரிச்சான், மறுநாள் கண்ணு மங்கலாயிருக்குன்னான், மூணாம் நாள் இல்ல. எந்திரி. இப்பவே போகணும்."

"உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வச்சிடறேன்டா..."

"நேத்துக் குடிச்சது இன்னும் வயித்துல உக்காந்திருக்குமா? தண்ணியும் வேணாம், ஒண்ணும் வேணாம். மாமா, கையைக் கொடுங்க."

"நாற்காலி முடியலையே," என்றார் பாலீஷ்காரர்.

"நாற்காலி எங்கேயும் ஓடாது. ஏறுங்க!"

வேனில், கொண்டுபோய் இறக்குவதற்காக ஏற்றிக் கட்டிவைத்திருந்த ஒரு சோபாவிலேயே அவரைச் சாய்த்து உட்காரவைத்தார்கள். மூடியம்மா பக்கத்தில் உட்கார்ந்து பாட்டிலை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று தம்பி சொல்லியிருந்தான். வழியெல்லாம் அவள் உதடு ஜெபம் சொன்னது, கண் அவர் கண்ணையே பார்த்தது. அவர் கண்மணி பெரிதாக விரிந்து, எங்கேயோ பனிமூட்டத்தில் வழி தேடுகிற மாதிரி இருந்தது. 'அந்த ரெண்டு கண்ணை மட்டும் விட்டுடு, சாமி. அதுக்குப் பதிலா என்கிட்ட என்ன வேணும்னாலும் கேளு,' என்று வேண்டிக்கொண்டாள். சாமி நிஜமாகவே ஒன்றைக் கேட்டுவிடுவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அதுவும் அரை மணி நேரத்தில்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பாட்டிலை முகர்ந்தார், லேபிளைப் படித்தார், மறுபடி முகர்ந்தார். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், ரத்தம் எடுத்து அனுப்பினார். கால்மணியில் முடிவு வந்தது. ஒரு கையில் சலைன் ஏறிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேரையும் கூப்பிட்டு நிற்கவைத்தார்.

"ரத்தம் அமிலமாயிட்டே போகுது. அதான் இப்படி மூச்சு வாங்குது. அதுக்குச் சோடா உப்பு மருந்து ஏத்தறோம். இந்த ஸ்பிரிட்டுக்கு மெத்தனால்னு பேரு. குடிச்ச உடனே அது பெரிசா ஒண்ணும் பண்ணாது. ஈரல் அதை உடைச்சு வேற ஒண்ணா மாத்தும் பாருங்க, அதுதான் விஷம். அது நேரா கண்ணு நரம்புக்குத்தான் போகும். இன்னும் பாதி ஸ்பிரிட் உடம்புல உடையாம சுத்திட்டிருக்கு. அதை ஈரல் தொடாம நிறுத்தணும். நிறுத்திட்டு, மிஷின் போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ணி வெளியே எடுக்கணும்."

"நிறுத்துங்கம்மா, எப்படியாவது நிறுத்துங்க," என்றாள் மூடியம்மா.

"அதுக்குன்னு ஒரு ஊசி மருந்து இருக்கு. எங்ககிட்ட தீந்துபோச்சு. பெரிய ஆஸ்பத்திரியிலேருந்து வர சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் காத்திருந்தா கண்ணு தாங்காது." டாக்டரம்மா கொஞ்சம் தயங்கினார். "இன்னொரு மருந்தும் இருக்கு. கடையில கிடைக்கும். நல்ல சாராயம்."

மூடியம்மாவுக்குக் காது அடைத்தது. "என்னது?"

"குடிக்கற சாராயம்மா. ரெண்டும் ஒரே நேரத்துல வந்தா, ஈரல் நல்ல சாராயத்தைத்தான் முதல்ல கவனிக்கும். வரிசையில அதுக்கு முன்னுரிமை. கெட்டது ஓரமா நின்னுட்டே இருக்கும், நாம மிஷின்ல இழுத்து வெளியே தள்ளிடலாம்."

தம்பியின் முகத்தில் ஒரு தெய்வீகக் களை வந்தது. "நான் சொன்னா யாரு கேட்டாங்க! அப்ப இதை வீட்டிலேயே கொடுத்திருக்கலாமா டாக்டர்?"

"கூடவே கூடாது. ரத்தத்தைப் பாத்துப் பாத்து அளந்து கொடுக்கணும். கூடிப்போனா மூச்சு நின்னுடும், சர்க்கரை இறங்கிடும். கொறஞ்சா விஷம் ஜெயிச்சிடும். மிஷினும் வேணும். வீட்டு வைத்தியம் பண்ணினவங்களை நாங்க பொணமாத்தான் பாத்திருக்கோம்." சீட்டில் எழுதினார். "இந்த அளவு வீரியம். வேற வாசனை, கலர் சேர்க்காதது. சீல் உடையாதது. சீக்கிரம்."

"கொடுங்க, பத்து நிமிஷத்துல வாங்கிட்டு வரேன்," என்று தம்பி கையை நீட்டினான். அவன் நல்ல எண்ணத்தோடுதான் நீட்டினான், கடவுளுக்குத் தெரியும். ஆனால் மூடியம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் எத்தனை திருப்பம் இருக்கிறது என்று யோசித்தாள். அந்தப் பாட்டிலில் ஒரு வாய் குறைந்தாலும் அது அவர் கண்ணில் குறைகிறது. சீட்டை டாக்டரம்மா கையிலிருந்து அவளே வாங்கிக்கொண்டாள்.

"நீ வண்டியை எடு. நான் வாங்கறேன்."

"அக்கா, உன் சத்தியம்?"

"வாயை மூடிட்டு வண்டியை எடுடா!"

கடை அப்போதுதான் திறந்திருந்தது. எட்டுப் பத்து பேர் வரிசையில் நின்றார்கள். வேனிலிருந்து மூடியம்மா குதித்து இறங்கியதை முதலில் பார்த்தவன், முன்னால் நின்றவன் முதுகில் ஒளிந்தான். அந்த முதுகுக்குச் சொந்தக்காரன் திரும்பிப் பார்த்து, முகத்தைத் துண்டால் மூடினான். நொடியில் வரிசை கலைந்தது. கடைக்காரர் அவள் வேகத்தைப் பார்த்தார். அவள் கையில் காகிதம் இருந்ததைப் பார்த்தார். மனுவோ, கோர்ட்டு உத்தரவோ என்று பயந்துபோய், படாரென்று ஷட்டரை இறக்கிவிட்டார். இந்த முறை பாதியில்லை, முழுசாக.

"கடைக்காரரே! திறங்க!"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அம்மா, இன்னிக்கு செவ்வாய்க்கிழமை. உங்களுக்கு வெள்ளிக்கிழமைதானே? நான் என்னிக்காவது தடுத்திருக்கேனா? முறைன்னு ஒண்ணு இருக்கில்ல!"

"நான் பாட வரல! திறங்க!"

"உடைக்கவா வந்தீங்க?"

"வாங்க வந்தேன்!"

ஷட்டர் அசையவில்லை. மூடியம்மா ஷட்டரை இரண்டு உள்ளங்கையாலும் ஓங்கி ஓங்கித் தட்டினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஆறு வருஷம் அந்த வாசலில் பாடித் தேர்ந்த குரலில் கத்தினாள்: "எனக்கு ஒரு பாட்டில் சாராயம் வேணும்! நல்லதா! இப்பவே வேணும்!"

எதிர்வரிசை மாடியில் ஒரு சன்னல் திறந்தது. துண்டால் முகத்தை மூடியிருந்தவன் துண்டை எடுத்துவிட்டுப் பார்த்தான். தம்பி வண்டியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று அவனுக்கே தெரியவில்லை.

ஷட்டர் முழங்கால் உயரம் ஏறியது. அதன் கீழே கடைக்காரர் முகம் படுக்கைவசமாகத் தெரிந்தது. மூடியம்மா சீட்டை நீட்டினாள். "என் வீட்டுக்காரர் தெரியாம பாலீஷ் ஸ்பிரிட்டைக் குடிச்சுட்டாரு. கண்ணு போயிட்டிருக்கு. இதுதான் மருந்தாம். டாக்டர் எழுதிக் கொடுத்திருக்காங்க."

கடைக்காரர் படித்தார். ஷட்டர் மேலே பறந்தது. இருக்கிறதிலேயே நல்லதை எடுத்து வைத்தார்.

"இது அசலா?"

"அம்மா, எங்க கடையில..."

"எனக்குக் கதை வேணாம். இதுலயும் அந்தச் சனியனைக் கலந்திருந்தா என் குடி முழுகிடும். சீல் எங்கே? காட்டுங்க." பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். மூடியைச் சுற்றி நகத்தால் தடவிப் பார்த்தாள். மூடி விஷயத்தில் அவளை ஏமாற்ற அந்தத் தெருவில் ஆள் கிடையாது. ஒன்றைத் தள்ளிவிட்டாள், இரண்டாவதைத் தள்ளிவிட்டாள், மூன்றாவதை மார்போடு அணைத்துக்கொண்டாள். பின்னால் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். இத்தனை வருஷம் குடித்தும் ஒருத்தனுக்கும் இப்படிச் சோதித்து வாங்கத் தோன்றியதில்லை.

"அக்கா போகட்டும், வழி விடுங்கப்பா," என்று யாரோ ஒருத்தன் சொன்னான். வரிசை மரியாதையாக விலகியது.

ஆஸ்பத்திரியில் பழரசத்தில் கலந்து, அளந்து, நர்ஸ் குவளையை நீட்டினார். பாலீஷ்காரர் கண் தெரியாமல் மூக்கால் மட்டும் கண்டுபிடித்துவிட்டார். "இது சாராயமாச்சே! வேணாம், நான் தொடமாட்டேன்."

"குடிங்க," என்றாள் மூடியம்மா.

"என்னது, நீயா சொல்றே? நர்சம்மா, இது என் வீட்டுக்காரிதானா? எனக்குச் சரியாத் தெரியல."

"நான்தாங்க. நம்ம நாற்காலி மேல ஆணையாச் சொல்றேன், குடிங்க. கண்ணை மூடிக்குங்க, மூக்கைப் பிடிச்சுக்குங்க. எப்பவும் குடிக்கற மாதிரிதான்." அவள் குரல் வந்த பக்கம் அவர் கையை நீட்டினார். குவளையை அவளே பிடித்துக் கொடுத்தாள்.

அப்புறம் மணிக்கு ஒரு குவளை. அவர் கழுத்தில் குழாய் சொருகி, பக்கத்தில் ஒரு பெரிய மிஷின் ரத்தத்தை வாங்கி வாங்கிச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. மிஷின் சாராயத்தையும் சேர்த்து இழுத்துவிடும் என்பதால் அளவைக் கூட்டினார்கள். நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது நர்ஸ் அல்ல, மூடியம்மாதான். "சிஸ்டர், மணி ஆச்சே, இன்னும் ஊத்தலையா? சிஸ்டர், கோடு வரைக்கும் வரலையே, இன்னும் ஒரு சொட்டு ஊத்துங்க!" என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி விரட்டினாள். பக்கத்துக் கட்டில்காரர் தன் மனைவியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

மூன்றாவது குவளைக்குப் பாலீஷ்காரருக்கு நாக்கு அவிழ்ந்துகொண்டது.

"உன் கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"நீ பாடற பாட்டு இருக்கே... அதுல ரெண்டாவது அடியில எப்பவும் சுருதி விட்டுடறே. முப்பது வருஷமா சொல்லணும்னு நெனச்சேன்."

"சரிங்க."

"ஆனா கையி... உன் கை பின்னின பிரம்பு இருக்கே, அதுல ராஜா உக்காரலாம். அதையும் சொல்லணும்னு நெனச்சேன். எங்கே சொல்ல விட்டே, எப்பப் பாரு மூடி தேடிட்டே இருக்கே." பிறகு கால்மாட்டுப் பக்கம் கையை நீட்டினார். "டேய் மச்சான், இருக்கியா?"

"இருக்கேன் மாமா."

"இதுக்காடா தெனமும் போறே? உவ்வே. தலை சுத்துது, வாய் நாறுது. இதுக்கு நம்ம டானிக்கே தேவலைடா."

தம்பி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டு நாளும் அவன் வீட்டுக்குப் போகவில்லை, கடைக்கும் போகவில்லை. மிச்சப் பாட்டிலை நர்ஸ் பூட்டி வைத்த அலமாரியை மட்டும் அப்பப்போது ஒரு பார்வை பார்த்துக்கொண்டான். அது பழக்கதோஷம்.

முதல் நாள் சாயங்காலமே அந்த ஊசி மருந்து வந்துவிட்டது. சாராயத்தை நிறுத்திவிட்டு அதைப் போட்டார்கள். கண் நரம்புக்கு உதவும் என்று ஒரு வைட்டமினையும் ஏற்றினார்கள். டாக்டரம்மா மூடியம்மாவைத் தனியே கூப்பிட்டார். "உயிருக்கு இனி பயமில்ல. கண்ணைப் பத்தி நான் இப்ப ஒண்ணும் சொல்லமாட்டேன். சிலருக்கு முழுசாத் திரும்பும், சிலருக்குக் கொஞ்சம், சிலருக்கு இல்லாமலே போயிடும். ஒரு ராத்திரி லேட்டா வந்தீங்க. ஆனா இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா பேச்சே இல்ல. ஆமா, இதை யாரு டானிக் பாட்டில்ல ஊத்தி வச்சது?"

எந்தக் கேள்விக்கும் வாயிலேயே பதில் வைத்திருக்கிற மூடியம்மா தரையைப் பார்த்தாள்.

"நான்தான்."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. அன்று அவள் சாப்பிடவில்லை. கட்டிலுக்குக் கீழே முழங்காலில் நின்று, கடவுளிடம் ஒன்றும் கேட்காமல், சும்மா இருந்தாள். கேட்பதற்கு அவளுக்கு முகமில்லை.

இரண்டாம் நாள் அவருக்கு மனுஷர்கள் நிழலாகத் தெரிந்தார்கள். நர்ஸை மகள் என்று நினைத்து நலம் விசாரித்தார். மூன்றாம் நாள் காலை டாக்டரம்மா வந்தார். விளக்கடித்தார், விரலைக் காட்டினார். பாலீஷ்காரர் இரண்டு என்றார், நாலு என்றார், எல்லாம் சரி. "பொடி எழுத்துப் படிக்கறாரான்னு பாக்கணும். அட்டை எங்கே?" அட்டை வேறு வார்டுக்குப் போயிருந்தது. டாக்டரம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். அலமாரியைத் திறந்து, மிச்சமிருந்த சாராயப் பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "பெரிய எழுத்து வேணாம். கீழே பொடியா ஒண்ணு இருக்கு பாருங்க, அதைப் படிங்க. முதல்ல வலது கண்ணு."

பாலீஷ்காரர் இடது கண்ணைப் பொத்திக்கொண்டார். பாட்டிலைக் கிட்டே கொண்டுவந்தார், தள்ளிப் பிடித்தார், வெளிச்சத்துக்குத் திருப்பினார். மூடியம்மா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"மது..." என்றார் பாலீஷ்காரர். "மது... அருந்துவது... உடல்நலத்துக்கு... மிகவும்... தீங்கானது."

அவர் மறுபடி ஒருமுறை தனக்குள் படித்தார். பிறகு மனைவி நின்ற திசையில், அவள் முகத்தையே நேராகப் பார்த்து, ஆச்சரியத்தோடு சொன்னார்:

"இந்தா, நீ ஆறு வருஷமா வெயில்ல உக்காந்து தொண்டை கிழியச் சொன்னியே, அதை இவனுங்களே எழுதி ஒட்டியிருக்கானுங்க!"

மூடியம்மாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அவளுக்கும் தெரியவில்லை. நர்ஸ் குனிந்து அவளைத் தூக்கப் போக, தம்பி, "விடுங்க சிஸ்டர், கொஞ்ச நேரம் இருக்கட்டும்," என்றான்.

"இப்ப இடது கண்ணு," என்றார் டாக்டரம்மா.

அவர் கை மாற்றிப் பொத்திக்கொண்டார். இந்தக் கண் தடுமாறியது. "மது அருந்துவது... உடல்நலத்துக்கு... மிகவும்..." அதற்குமேல் நகரவில்லை. ஓரத்தில் புகை மாதிரி இருக்கிறது, கடைசி வார்த்தை அதற்குள் போய்விடுகிறது என்றார். டாக்டரம்மா எழுதிக்கொண்டார். அந்தப் புகை போகலாம், போகாமலும் இருக்கலாம். மாதாமாதம் வந்து காட்ட வேண்டும் என்றார்.

மூடியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பாட்டிலை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அந்தக் கண்ணு படிச்ச வரைக்கும் போதும் டாக்டரம்மா," என்றாள். "கடைசி வார்த்தையை நான் சொல்லிக்கறேன்."